ஜெபக் குறிப்பு

தையற்காரம்மாவுக்கு யாரையாவது திட்ட வேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொள்வாள்.

மற்ற வீடுகளில் வாயைத் திறந்து திட்டுவார்கள். தட்டைத் தள்ளிவிடுவார்கள். இந்த வீட்டில் அதெல்லாம் கிடையாது. சாயங்காலம் கடை ஷட்டரைப் பாதி இறக்கியதும் நாலு பேரும் முழங்கால் போடுவார்கள். ஜெபத்துக்கென்று தனி அறை இல்லை. கீழே கடை, மேலே இரண்டு அறை, நடுவில் மரப்படி. அன்றைக்கு எந்த சோபா பிரித்துக் கிடக்கிறதோ அதில் முழங்கையை ஊன்றிக்கொள்ள வேண்டியதுதான். சில நாள் புது ஃபோம் வாய்க்கும். சில நாள் வெறும் ஸ்பிரிங். ஸ்பிரிங் வாய்த்தவர் முழங்கையில் வட்ட வட்டமாகத் தடம் விழும்.

சின்னவள் முதலில் ஜெபிப்பாள். பக்கத்துக் கடைப் பூனைக்குக் கால் சரியாக வேண்டும் என்பதோடு அவள் விஷயம் முடியும். அடுத்து பெரியவள். பிறகு அவள் அப்பா. கடைசியில் தையற்காரம்மா. கடைசியில் பேசுகிறவருக்கு ஒரு வசதி உண்டு. யாரும் பதில் சொல்ல முடியாது.

"ஆண்டவரே, இந்த வீட்டுத் தலைவருக்கு உழைக்கிற கையைக் கொடுத்திருக்கீர். சோபாவுலேருந்து பிடுங்கின பின்னை டப்பாவுல போடுற புத்தியையும் கொடும். நேத்து என் கால்ல குத்தினதை நீர் பாத்துக்கிட்டுத்தான் இருந்தீர்."

அவள் கணவரைத் தெருவில் குஷன்காரர் என்பார்கள். ஓட்டை சோபாவைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பிரித்து, பட்டை கட்டி, ஃபோம் வைத்து, புதுத் துணி இழுத்துத் திருப்பிக் கொடுப்பார். உறையும் ஓரக் கயிறும் தைப்பது அவள் வேலை. மனைவியின் ஜெபத்தைப் பற்றி அவர் வாடிக்கையாளர்களிடம் சொல்வதுண்டு. "நேரா சொன்னா நான் பதில் சொல்லுவேன்ல. அதான் மேலிடத்துல மனு போட்டுட்டு நகலை எனக்கு அனுப்புறா."

சபையில் அவளுக்கு நல்ல பெயர். செவ்வாய்க்கிழமை பெண்கள் கூட்டத்தில் ஜெபக் குறிப்பு கேட்டு வாங்குவது அவள்தான். யாருக்கு வயிற்றுவலி, யார் மருமகன் கோபித்துக்கொண்டு போயிருக்கிறான், எல்லாம் அவள் வழியாகத்தான் மேலே போகும். வம்பு பேசுகிறோம் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஒரு பாரத்தை நாலு பேர் தூக்கினால் லேசாகும் என்று நம்பினாள். மனதார நம்பினாள்.

பெரியவளுக்குப் பதினாறு. மழை தொடங்கியதிலிருந்து அவள் சரியில்லை. ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு எழுந்துவிடுவாள். ஆராதனையில் பாட்டுக்கு வாய் அசையும், சத்தம் வராது. போனை எடுப்பாள், பார்ப்பாள், வைப்பாள், மறுபடி எடுப்பாள். இரண்டு தெரு தள்ளி மெக்கானிக்கின் மகன் இப்படித்தான் தொடங்கினான். முதலில் வாய் மட்டும் அசைந்தது. பிறகு பின்வரிசைக்குப் போனான். பிறகு வாசலுக்கு. இப்போது ஞாயிற்றுக்கிழமை என்றால் மதியம் வரை தூக்கம். அவன் அம்மா சபைக்குத் தனியாக வந்து தனியாகப் போகிறாள். அந்த நடையைப் பார்க்கும்போதெல்லாம் தையற்காரம்மா பெரியவளின் கையைப் பிடித்துக்கொள்வாள்.

ஆகவே ஜெபம் நீண்டது.

"ஆண்டவரே, ஒரு கண்ணாடித் துண்டைக் கையில வச்சுக்கிட்டு குனிஞ்சே கிடக்கிற பிள்ளையை நிமிர்த்தும். ஊரே ஒரு பக்கம் போனாலும் உம்ம பக்கம் நிக்கிற முதுகெலும்பை அவளுக்குத் தாரும். கூடாத சகவாசத்தை அறுத்துப் போடும்."

சின்னவள் ஒரு கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்தாள். அக்கா அசையவில்லை.

மறுநாள் ஷட்டர் பாதி இறங்கியதும் மூன்று பேர்தான் முழங்கால் போட்டார்கள். பெரியவள் மரப்படியில் நின்றாள்.

"வா."

"நீங்க பண்ணுங்கம்மா. நான் வரலை."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். மேல தனியா பண்ணிக்கிறேன்."

"தனியா பண்ணிக்கிறேன்னு போனவங்களை நான் நிறைய பாத்திருக்கேன். கடைசியில தனியா மட்டும் இருப்பாங்க. பண்ண மாட்டாங்க."

"சரி, அப்படியே வச்சுக்குங்க."

"விடு, போகட்டும்" என்றார் குஷன்காரர்.

"நீங்க சும்மா இருங்க. ஏன்னு ஒரு காரணம் சொல்லட்டும்."

பெரியவள் கைப்பிடிக் கட்டையை நகத்தால் சுரண்டினாள். "முட்டி போட்டுக்கிட்டு ஒப்புக்கு எதையாவது சொல்ல எனக்கு வரலைம்மா. உள்ளதைச் சொல்லவும் இங்க முடியாது."

"என்னடி உள்ளது?"

அவள் மேலே போய்விட்டாள். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. அடித்துச் சாத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது தையற்காரம்மாவுக்கு.

"அப்பா, அக்கா இனிமே சாமிகூட டூவா?" என்றாள் சின்னவள்.

"நீ கண்ணை மூடு. பூனையைக் கவனி."

தையற்காரம்மாவின் முறை வந்தது. பாதி வாக்கியத்தில் குரல் உடைந்தது. முடிக்காமல் எழுந்தாள்.

விடிந்ததும் பெரியவளிடம் கையை நீட்டினாள். "போனைக் குடு. ஒரு வாரம் என்கிட்ட இருக்கட்டும்."

சண்டைக்கு வார்த்தைகளை எல்லாம் அடுக்கி வைத்திருந்தாள். அவற்றுக்கு வேலை வரவில்லை. பெரியவள் "இந்தாங்க" என்று கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள்.

அன்று ஒரு பல் டாக்டரின் காத்திருப்பு அறை சோபா. மூன்று பேர் உட்காருவது. பயந்தவர்கள் பிடித்துப் பிடித்துக் கைப்பிடித் துணி நைந்திருந்தது. குஷன்காரர் குறடால் பின்களைப் பிடுங்கினார். வெளியே மழை விடாமல் பெய்தது. ஈரக் காற்றில் ஃபோம் புளித்த மாவுபோல் நாறியது. போன் வெட்டுமேசையில் கத்திரிக்கும் சுண்ணக்கட்டிக்கும் நடுவில் கிடந்தது.

"நீங்க அவகிட்ட பேசக்கூடாதா?"

"என்ன பேச?"

"அப்பாவா லட்சணமா ஏதாவது."

"நான் பேசினா கேட்டுக்குவா. தலையாட்டுவா. மேல போயிடுவா. நீ பேசினாலும் அதேதான். என்ன, நீ பேசினா கொஞ்சம் நேரம் அதிகமாகும்."

"எல்லாத்துக்கும் ஒரு நக்கல். பிள்ளை கையைவிட்டுப் போறா. உங்களுக்கு உறைக்கலையா?"

அவர் குறடை வைத்தார். "உறைக்குது. ஆனா ஒண்ணு பாத்தியா? காலையிலேருந்து அந்த போன் ஒரு தடவைகூடக் கத்தலை."

அவள் பார்த்தாள். உண்மைதான்.

"உன் போனுக்குக் கூட்டத்துலேருந்து வந்துக்கிட்டே இருக்கு. வசனம், பூப்படம், காலை வணக்கம். பதினாறு வயசுப் பிள்ளையோட போன் செத்த பல்லி மாதிரி கிடக்கு."

மதியம் யாரோ தள்ளுபடி விற்பனை என்று ஒன்று அனுப்பினார்கள். அவ்வளவுதான்.

சாயங்காலம் பெரியவள் நனைந்து வந்தாள். தையற்காரம்மா துண்டை நீட்டினாள்.

"போன்ல சத்தத்தை அமுக்கி வச்சிருக்கியா?"

"இல்லையே."

"ஒண்ணும் வரலையே."

"வராதும்மா."

"சிரிப்புகூட அனுப்பலையா?"

சிரிப்பு என்பது பஸ் டிரைவர் மகள். சின்ன வகுப்பிலிருந்து தோழி. எதற்கெடுத்தாலும் சிரிப்பாள், தடுக்கி விழுந்தாலும் சிரித்துக்கொண்டே எழுந்திருப்பாள். அந்தச் சிரிப்பு தையற்காரம்மாவுக்கு ஆகாது. ஆனால் இந்தக் கடையில் அது கேட்டு நாளாயிற்று என்பது இப்போதுதான் உறைத்தது.

"அவளுக்கு இப்ப வேற ஃப்ரெண்ட்ஸ்."

"அப்ப எந்நேரமும் போன்ல எதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தே?"

பெரியவள் தலையைத் துவட்டினாள். துண்டுக்குள்ளிருந்து பதில் வந்தது.

"ஏதாவது வந்திருக்கான்னு."

அந்தச் செவ்வாய்க்கிழமை முற்பகல் நர்ஸ் ஒருத்தி கடைக்கு வந்தாள். வெள்ளைச் சீருடை. கால் ஷூவில் சேறு. குஷன்காரர் ஃபோம் வாங்கப் போயிருந்தார். தையற்காரம்மா மிஷினை நிறுத்தினாள்.

"உறை தைக்கணுமாங்க?"

"இல்லைங்க. உங்க பெரிய பொண்ணு விஷயமா."

"அவ ஸ்கூல்ல இருப்பாளே."

"தெரியும். அதான் இப்ப வந்தேன். அவ இருந்தா என்னைச் சொல்ல விட மாட்டா."

 நர்ஸ் உட்கார இடம் தேடி, பிரித்த சோபாவின் மரச்சட்டத்தில் உட்கார்ந்தாள்.

"என் பொண்ணும் அங்கதான் படிக்கிறா. வேற வகுப்பு. யாரோ என் பொண்ணு முகத்தை எடுத்து வேற யாரோ உடம்புல ஒட்டி ஒரு படம் பண்ணிட்டாங்க. துணியில்லாத படம். இப்பல்லாம் அது நிமிஷ வேலையாமே. ஸ்கூல் முழுக்க ஒருத்தர் விடாம அனுப்பியிருக்காங்க."

"அய்யோ. என் பொண்ணுமா?"

"இருங்க. சொல்றேன். உங்க பொண்ணு மட்டும் அனுப்பலை. அவங்க வகுப்புக்கு ஒரு குரூப் இருக்கு. அதுல எல்லாருக்கும் தெரியற மாதிரி எழுதியிருக்கா. 'இது பொய்ப் படம். நான் அனுப்ப மாட்டேன். நாளைக்கு டீச்சர்கிட்ட சொல்லப்போறேன். பின்னாடி போய்ச் சொன்னான்னு யாரும் சொல்லக்கூடாது, அதான் முன்னாடியே சொல்றேன்.' அதே மாதிரி போய்ச் சொல்லிட்டா. அதுக்கப்புறம்தான் நின்னுது."

மழை வாசல் தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது.

"அன்னையிலேருந்து அவகூட யாரும் பேசறதில்லை. குரூப்பை விட்டு நீக்கிட்டாங்க. நீக்கினதே அந்த டிரைவர் பொண்ணுதானாம், எந்நேரமும் சிரிக்குமே. உங்க பொண்ணு வந்தா, 'பாஸ்டரம்மா வர்றாங்க, எல்லாரும் எந்திரிங்க'ம்பாங்களாம். எந்திரிச்சும் நிப்பாங்களாம். இவ நடுவுல போய்த் தன் இடத்துல உக்காருவாளாம்."

தையற்காரம்மா மிஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பொண்ணு கேட்டிருக்கா. 'நான் உனக்கு ஃப்ரெண்டுகூட இல்லையே, எதுக்கு இதெல்லாம்'னு. 'உன்னையும் அவர்தான் படைச்சார். உன் முகத்தை வச்சு விளையாட யாருக்கும் உரிமை இல்லை'ன்னு சொன்னாளாம். நாங்க சாமி கும்பிடற ஆளுங்க இல்லைங்க. எனக்கு அதெல்லாம் தெரியாது. ஆனா என் பொண்ணு நேத்து சாப்பிட்டா. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

தையற்காரம்மா கண்ணைத் துடைத்தாள். நெஞ்சு நிமிர்ந்தது. நிமிர்ந்த நெஞ்சு அடுத்த கணமே சுருங்கியது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

நர்ஸ் குடையின் கம்பியை நீவினாள். "அதைச் சொல்லலாமான்னு தெரியலை."

"சொல்லுங்க. பரவாயில்லை."

"என் பொண்ணு கேட்டாளாம், உங்கம்மாவுக்குத் தெரியுமான்னு. 'அம்மாகிட்ட சொன்னா சாயங்காலம் ஜெபத்துல வரும். செவ்வாய்க்கிழமை கூட்டத்துல வரும். ஞாயித்துக்கிழமை வாசல்ல வச்சு நாலு பேர் உன்னைப் பத்தி விசாரிப்பாங்க. அதனால சொல்லலை'ன்னாளாம். அதைக் கேட்டுத்தான் என் பொண்ணு தைரியமா வெளிய வந்தா. தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்லை" என்றாள் தையற்காரம்மா. 

நர்ஸ் போன பிறகு ஊசிக்கு நூல் கோத்தாள். காது தட்டுப்படவில்லை. போன வருடம் பெரியவள் கணக்கில் தோற்றதைக் கூட்டத்தில் ஜெபக் குறிப்பாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஆளாளுக்குப் பிள்ளையின் தலையில் கை வைத்து, "கணக்கெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டா" என்றார்கள். பெரியவள் முகம் சிவந்து கண் கலங்கி நின்றாள். பிள்ளை உள்ளம் உடைந்து ஆண்டவரால் தொடப்பட்டாள் என்று தையற்காரம்மா பூரித்துப்போனாள்.

முதுகெலும்பைத் தாரும் என்று தினமும் உரக்கக் கேட்டிருக்கிறாள். பக்கத்தில் ஒருத்தி அதை வைத்துக்கொண்டு வலிக்க வலிக்க முழங்கால் போட்டிருந்திருக்கிறாள்.

பிற்பகல் பெண்கள் கூட்டம், மெக்கானிக் வீட்டில். போகாமல் இருக்கலாமா என்று யோசித்தாள். போனாள். பாட்டு முடிந்தது. தலைமை தாங்கும் டீச்சரம்மா இவள் பக்கம் திரும்பினாள்.

"உங்க பெரியவ வாடிப்போய்த் தெரியறாளே. ஏதாவது குறிப்பு உண்டா?"

இப்படியொரு சாட்சி அவள் கையில் ஒருநாளும் இருந்ததில்லை. எழுந்து சொன்னால் அழாதவர் இருக்க மாட்டார்கள். மெக்கானிக்கின் மனைவிகூடத் தன் கவலையை மறந்து கை தட்டுவாள். வார்த்தைகள் தொண்டை வரை வரிசையில் வந்து நின்றன. அவள் விழுங்கினாள். சுடுகிற தேநீரை விழுங்குவதுபோல் இருந்தது.

"இந்த வாரம் ஒண்ணும் இல்லை."

அறையே திரும்பிப் பார்த்தது. அவளுக்குக் குறிப்பு இல்லாத வாரம் உண்டா? தொண்டை கட்டியிருக்கிறது என்று முடிவு செய்து, அவள் தொண்டைக்காக எல்லாரும் ஊக்கமாக ஜெபித்தார்கள்.

குஷன்காரரிடமும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுவதும் வீட்டு ஜெபத்தில் "எங்களைக் காத்தருளும்" என்று மட்டும் சொன்னாள். அவர் எழுந்திருக்கும்போது மனைவியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சூடு இல்லை. படியில் பெரியவள் நின்றாள், போனாள், இறங்கி வரவில்லை.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. குஷன்காரர் பல் டாக்டர் சோபாவை வண்டியில் ஏற்றிப் போனார். சின்னவள் பூனையைப் பார்க்கப் போயிருந்தாள். ஷட்டர் முழுக்கத் திறந்து தெரு வெளிச்சம் கடைக்குள் நின்றது. பஸ் டிரைவரின் சாய்வு நாற்காலி மேசை மேல் இருந்தது. துணி இழுக்க இரண்டு ஆள் வேண்டும்.

"கொஞ்சம் வந்து பிடிக்கறியா?"

பெரியவள் வந்தாள். ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். இந்த வேலையில் நடுவில் முதலில் பின் அடிக்க வேண்டும், மூலை கடைசியில். மூலையில் தொடங்கினால் துணி கோணிக்கொள்ளும்.

"இழு. போதும். விடாதே."

டக். டக்.

"நர்ஸம்மா வந்துட்டுப் போனாங்க" என்றாள் தையற்காரம்மா.

எதிர்ப்பக்கம் துணி தளர்ந்தது. மறுபடி இறுகியது.

"யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் இல்லை."

"அப்பாகிட்ட?"

"இல்லை."

"செவ்வாய்க்கிழமை?"

"போனேன். சொல்லலை. தொண்டைக்கு ஜெபம் பண்ணி அனுப்பினாங்க."

பெரியவளின் உதட்டோரம் அசைந்தது. "ஆண்டவர்கிட்ட?"

"சொன்னேன். வாயை மூடிக்கிட்டு. கஷ்டமாத்தான் இருந்தது, பழக்கமில்லை."

பெரியவள் சிரித்துவிட்டாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

தையற்காரம்மா போனை எடுத்து மகள் பக்கம் தள்ளினாள். மன்னிப்பு என்ற வார்த்தை நாக்கில் வந்தது. அதற்கு முன்னால் ஒரு நீண்ட விளக்கமும் வந்தது. விளக்கத்தை விட்டுவிட்டாள்.

"தப்பு என்னோடதுதான்."

"ம்."

டக். டக். அடுத்த பக்கம் திருப்பினார்கள்.

"திங்கக்கிழமை லேப்ல ரெண்டு ரெண்டு பேரா சேரணும்மா" என்றாள் பெரியவள், துணியைப் பார்த்தபடி. "எனக்கு யாரும் இல்லை. டீச்சர் யாரையாவது பிடிச்சு என்கூட விடுவாங்க. அவங்க முகத்தைத் தூக்கிக்கிட்டு வருவாங்க. அதை நினைச்சாத்தான்."

தையற்காரம்மாவிடம் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. வசனம் இருந்தது. அறிவுரை இருந்தது. நேரே பள்ளிக்கூடம் போய் நாலு கேள்வி கேட்டுவிட்டு வருகிற வேகமும் இருந்தது.

"பயமாத்தான் இருக்கும்" என்றாள்.

பெரியவள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். இன்னும் வரும் என்று காத்திருந்ததுபோல் இருந்தது. வரவில்லை.

"ஜெபம் பண்ணலாமா?" என்றாள் பெரியவள்.

"இப்பவா? ஷட்டர் தெறந்திருக்கே. தெருவே பாக்கும்."

"பாக்கட்டுமே."

நாற்காலியை இறக்கி வைத்துவிட்டு இரண்டு பேரும் அதன் இரண்டு பக்கம் முழங்கால் போட்டார்கள். பெரியவள் தொடங்கினாள். பேசுகிற குரல்தான்.

"ஆண்டவரே, அவங்களை எனக்குப் பிடிக்கலை. பிடிச்ச மாதிரி நடிக்க வரலை. ராத்திரியெல்லாம் அழுதேன், உமக்குத் தெரியும். ஆனா அவங்களுக்குக் கெட்டது நடக்கணும்னு கேக்க மாட்டேன். அது மட்டும் என் மனசுக்குள்ள வந்துடாம..."

வாசலில் செருப்புச் சத்தம்.

"என்னம்மா, ஊசி விழுந்துடுச்சா?" டிரைவரின் குரல். "நகருங்க, நானும் தேடறேன். என் கண்ணு இன்னும் நல்லாத்தான் இருக்கு."

தையற்காரம்மா கண்ணைத் திறந்தாள். டிரைவருக்குப் பின்னால் அவர் மகள் நின்றாள். சிரிப்பு இரண்டு பேரையும் பார்த்தாள். கையில் போன். அது மெல்ல உயர்ந்தது.

நாளை காலைக்குள் இந்தப் படம் எங்கெல்லாம் போகும் என்று தையற்காரம்மாவுக்கு இப்போது தெரியும். பாஸ்டரம்மாவும் பாஸ்டரம்மாவைப் பெற்றவளும். திங்கட்கிழமைக்கு இது ஒன்றுதான் குறைச்சல். 'ஆமாங்க, ஊசிதான்' என்று சொல்லிவிட்டு எழுந்தால் எல்லாம் சரி. கூரை அதிர ஜெபிக்கிற தையற்காரம்மா, முழங்கால் போட்டபடி, அந்தப் பொய்யைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

"இல்லை அங்கிள்" என்றாள் பெரியவள். கண்ணைத் திறக்கவில்லை. "ஜெபம் பண்றோம். கொஞ்சம் உக்காருங்க, முடிச்சுட்டு வந்துடறோம்."

டிரைவர் தொப்பியைக் கழற்றினார். உட்காரலாமா நிற்கலாமா என்று தெரியாமல் நின்றார்.

பெரியவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அதே குரல். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. "அது மட்டும் என் மனசுக்குள்ள வந்துடாம பாத்துக்கும். திங்கக்கிழமை என்கூட வாரும். அம்மாவுக்காக நன்றி."

படம் எடுத்தாளா, இல்லையா? தையற்காரம்மா வாசல் பக்கம் திரும்பவில்லை. மகள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் ஒரு ஃபோம் துணுக்கு ஒட்டியிருந்தது. இமைகள் லேசாக நடுங்கின. முழங்கால் தரையில் ஊன்றிய இடத்தில் ஊன்றியபடி இருந்தது.

"ஆமென்" என்றாள் பெரியவள்.

டிரைவரும் மரியாதைக்கு ஒன்று சொன்னார்.

பெரியவள் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டாள். நாற்காலியின் முன்கால்களைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள்.

"நீ வந்து அந்தப் பக்கம் பிடி, மேசை மேல ஏத்தணும். கனமா இருக்கும், ரெண்டு கையும் வேணும்."

சிரிப்பு போனை எங்கே வைப்பது என்று சுற்றிலும் பார்த்தாள்.